'சார்ஜ்' எல்லாம் குற்றச்சாட்டு ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போலீஸார் கூட்டத்தைக் கலைத்தால் தடியடி, அதிகாரி ஏற்றால் பொறுப்பு, மின்வாரியம் வசூலித்தால் கட்டணம். 'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இடங்களில் தமிழ் தானாக வந்துவிடுகிறது. நீதிமன்றச் செய்திகளில்தான் தடுமாறுகிறோம்.

"போலீஸார் குற்றச்சாட்டு பதிவு செய்தனர்" என்று அச்சானால் எது நடந்தது என்றே புரிவதில்லை. காவல் நிலையத்தில் பதிவாவது முதல் தகவல் அறிக்கை. புலன்விசாரணை முடித்து போலீஸார் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. கைதானவர் காவலில் இருந்தால், இது 60 நாளுக்குள் தாக்கலாக வேண்டும். மரண தண்டனை, ஆயுள், அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க குற்றம் என்றால் 90 நாள். தவறினால் அவருக்கு ஜாமீன் பெறும் உரிமை வந்துவிடும். ஆகவே தாக்கலான தேதியை விடாமல் எழுதுங்கள்.

குற்றச்சாட்டு வனைவது, அதாவது எந்தக் குற்றத்துக்காக வழக்கு நடக்கும் என்று முறைப்படி வகுப்பது, நீதிபதியின் வேலை. ஆவணங்களைப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, வழக்கை நடத்த முகாந்திரம் இருந்தால் குற்றச்சாட்டை எழுத்தில் வனைந்து, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பார். சாட்சி விசாரணை அதற்குப் பிறகுதான். ஆங்கில வாக்கியத்தில் செய்தவர் போலீஸா, நீதிபதியா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து, குற்றப்பத்திரிகைக்கான பிரிவு 173 என்பது 193 ஆனது. முதலில் குற்றப்பத்திரிகை, பிறகு குற்றச்சாட்டு என்ற வரிசை மாறவில்லை.

சொத்து வழக்கில் வரும் 'சார்ஜ்' வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100-ஆம் பிரிவு. ஜீவனாம்சம் போன்ற தொகைக்கு ஒரு சொத்து ஈடாக நிற்பது அது, அடமானம் அல்ல. இதற்கும் 'குற்றச்சாட்டு' என்றோ 'கட்டணம்' என்றோ போட்டால் வாங்க வருபவர் ஏமாந்துபோவார். 'சொத்து ஈடாக்கப்பட்டது' என்று விளக்கி எழுதலாம்.

'டிஸ்சார்ஜ்' இன்னும் கவனம் கேட்கும் சொல். மருத்துவமனையில் அது வீடு திரும்புதல், அணையில் நீர் வெளியேற்றம். நீதிமன்றத்தில், குற்றச்சாட்டு வனையும் முன்பே போதிய முகாந்திரம் இல்லை என்று வழக்கிலிருந்து விடுவிப்பது. இதை 'விடுதலை' என்று எழுதுவது பிழை. விசாரணை முடிந்து விடுதலையாகி, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை, அதே குற்றத்துக்காக அவரை மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இப்படிக்கு,
சட்ட மொழிபெயர்ப்பாளர்,
மதுரை.