ஒன்றரை சென்டிமீட்டர்

அன்புள்ள வசந்தி,

உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் இல்லை. நீ திட்டுவதற்கு முன்னால் நானே என்னைத் திட்டிக்கொண்டுவிட்டேன், அதைக் கணக்கில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மாடிப்படி ஏற முடிகிறதா என்று எழுது. சரளா சமாச்சாரம் எனக்கும் வந்தது. அதை எழுத்தில் வைக்க வேண்டாம், நேரில் சிரித்துக்கொள்வோம்.

இன்று பேனாவை எடுக்க வைத்தது ஒரு மீன். சிரிக்காதே. நேற்றுக் காலை என் கடல்மீன் தொட்டிக்குப் பின்னால் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். துணியில் காய்ந்த இலை மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது. உதறப் போனவள் கையில் எடுத்துப் பார்த்தால், என் ஃபயர்ஃபிஷ். முன்பாதி வெள்ளையும் பின்பாதி நெருப்புச் சிவப்புமாக, முதுகில் ஒரு நீள முள்ளைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு நிற்கும் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதுதான். நிறமெல்லாம் போய்விட்டது. அந்தக் கொடி மட்டும் விறைத்து நின்றது.

மூடி போட்டிருந்தேன்டி. பம்ப் வயர் வெளியே வருவதற்காக மூலையில் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டிருந்தேன். ஃபயர்ஃபிஷ் பயந்தால் குதிக்கும், அதை வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வதே மூடியைப் பற்றித்தான். எனக்கும் தெரியும். தெரிந்தும் 'இந்தச் சந்து வழியாகவா போகப்போகிறது' என்று இருந்துவிட்டேன். போயிருக்கிறது.

"அவ்வளவு தண்ணீரில் நாலு மீனும் ஒரு இறாலும்தானா? நான் ஹாஸ்டலில் ஜாடியிலேயே நாற்பது கப்பி மீன் வளர்த்தேனே" என்று கேட்டிருந்தாய். வளர்த்தாய், வளர்த்தாய். அந்த நாற்பதில் பரீட்சை முடியும்வரை எத்தனை இருந்தன என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். ஆனால் உன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். கணக்குப் போட்டால் 96 லிட்டர். பாறையும் மணலும் அடைத்த இடம் போக 75 தேறினால் அதிகம். உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீர் அளவுக்கு ஆக்சிஜன் கரையாது. மீன் போடும் கழிவும், அது சாப்பிடாமல் விட்டதும் அந்த 75 லிட்டருக்குள்ளேயேதான் சுற்றும். நாலு குட்டி மீனே அதற்கு நிறைந்த குடும்பம்.

அந்த நாலுக்கும் நான் காத்திருந்தது உனக்குத் தெரியாது. முதல் 38 நாள் உள்ளே பாறை, மணல், உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். வருகிறவர்களிடமெல்லாம் இவர் "பாறை வளர்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீன் கழிவில் வரும் அம்மோனியா மீனுக்கே விஷம், அதனால் மீன் வருவதற்கு முன்பே பாட்டிலில் இருந்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு கூட்டம் பாக்டீரியா வரவேண்டும், அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்க இன்னொரு கூட்டம் வரவேண்டும். தினமும் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பச்சை மஞ்சளாகிறதா, அதாவது அம்மோனியா தீர்ந்ததா என்று பார்ப்பேன். இந்த நாட்களில் ஒரு கூத்தும் நடந்தது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே போனது. நான் புத்திசாலித்தனமாக உப்புத் தண்ணீரையே கலந்து கலந்து ஊற்றினேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் கிடக்கும் என்பது பத்தாம் நாள்தான் உறைத்தது. 1.025 இருக்க வேண்டிய அடர்த்தி 1.029-இல் நின்றது. நல்லவேளை, உள்ளே மீன் எதுவும் இல்லை. நமக்கு வேதியியல் எடுத்தவர் கேள்விப்பட்டால் என் மதிப்பெண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

அப்புறம்தான் வார்டனம்மா வந்தாள். கடைக்காரர் "புதுத் தொட்டிக்கு இதுதான் சரி, எதையும் தாங்கும்" என்று ஒரு நீல டேம்சல் மீனைப் பிடித்துக் கொடுத்தார். கட்டைவிரல் அளவுதான், மின்சார நீலம். எதையும் தாங்கும் என்று அவர் சொன்னது உண்மை. அதை யார் தாங்குவது என்று நான் கேட்கவில்லை. இரண்டே நாளில் தொட்டி முழுவதும் அவள் வராந்தாவாகிவிட்டது. பாறைக்குப் பாறை ரோந்து, நத்தை நகர்ந்தால் முட்டு, நான் கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் கையில் கடி. பத்து மணிக்கு டார்ச்சோடு வருவாளே, அதே நடை! இவளை உள்ளே வைத்துக்கொண்டு சாதுவான மீன் எதையும் விடமுடியாது. அதனால்தான் சாதுவை முதலிலும் சண்டைக்காரனைக் கடைசியிலும் விடவேண்டும் என்கிறார்கள். முதலில் வருகிறவனுக்கு வீடே சொந்தம் என்று நினைப்பு வந்துவிடும்.

அவளைப் பிடிப்பது பெரிய பாடாகிவிட்டது. வலையைக் கண்டாலே பாறைக்குள் போய்விடுவாள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாக உள்ளே செருகி, அடியில் இரை போட்டு இறக்கினேன். முதல் நாள் இரண்டு நத்தை மாட்டின. நாலாம் நாள்தான் அம்மையார் மாட்டினார். பாட்டிலோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் கேட்கவில்லை, விட்டால் போதும் என்றிருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் தனிப் பெட்டியில் ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வெறும் பெட்டி, ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய். வெள்ளைப்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் அங்கே தாமிர மருந்து ஊற்றமுடியாது, இறாலும் நத்தையும் பவளமும் செத்துவிடும். மீன்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுத் தொட்டியை 76 நாள் சும்மா போடவேண்டும் என்பது கடல்மீன் வளர்க்கிறவர்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம். இன்னொரு முறை பாறை வளர்க்க எனக்குப் பொறுமை இல்லை.

கோமாளி மீன் இரண்டு. கடலில் பிடித்ததில்லை, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. ஒன்று சற்றுப் பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் பார்த்து எடுத்தேன். காரணம் கேள். இந்தச் சாதியில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். இரண்டில் பெரியது பெண்ணாகிவிடும். சின்னது கடைசிவரை அதற்கு அடங்கி நடக்கும். பெரியது பக்கத்தில் வந்தாலே சின்னது ஒரு பக்கமாகச் சாய்ந்து உடம்பு முழுக்க நடுங்கிக் காட்டும், 'நீங்க சொன்னா சரி' என்பது மாதிரி. இதை இவரிடம் காட்டினேன். "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இனி என் செல்லப்பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். அவசரப்படாமல் படி. மஞ்சள் நிறத்தில் ஒரு கோபி மீன், நீலப் புள்ளிகள், எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும். அதோடு ஒரு பிஸ்டல் இறால். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. மீனுக்குத் தோண்டத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் விட்டேன், இரண்டு மூலையில் இருந்தன. மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், நடுப்பாறைக்கு அடியில் ஒரே வளையின் வாசலில் இரண்டும் இருக்கின்றன! எப்படித் தேடிக் கண்டுபிடித்தன என்று தெரியவில்லை. இறால் முன்காலால் மணலை அள்ளி அள்ளி வெளியே தள்ளுகிறது, மண் அள்ளும் இயந்திரம் மாதிரி. மீன் வாசலில் காவல். இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசைகளில் ஒன்று மீனின் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து என்று பட்டால் மீன் வாலைச் சின்னதாகச் சிலுப்பும், அடுத்த நொடி இறால் உள்ளே இருக்கும். தூரத்தில் இருந்தபடி என் கையை மட்டும் அசைத்துப் பார்த்தேன். வால் சிலிர்த்தது, மீசை மறைந்தது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் வைத்தது தீய்ந்துபோனது.

பாறைகளை மணலின் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியிலேயே நிறுத்திவிட்டுப் பிறகு மணல் போட்டது நான் செய்த ஒரே உருப்படியான காரியம். இல்லாவிட்டால் இவன் தோண்டுகிற தோண்டலுக்குப் பாறை சரிந்து இவன் மேலேயே விழுந்திருக்கும். திருட்டும் உண்டு. கல்லில் ஒட்டி வைத்திருந்த ஒரு சின்ன பவளத்துண்டைக் காணோம் என்று இரண்டு நாள் தேடினேன். வளையின் வாசலுக்கு நிலைப்படியாக வைத்துக் கட்டியிருக்கிறான்.

முதல் வாரம் நடு இரவில் படீரென்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று நினைத்துத் துண்டும் வாளியுமாக ஓடினேன். தொட்டி அப்படியே இருந்தது. இறால் தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கியிருக்கிறது. சொடுக்கும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடையும், அந்தச் சத்தம்தான். விரல் நீளம்கூட இல்லாத பிராணி!

சரி, இவர் கதைக்கு வருகிறேன். வீட்டில் இப்போது ஒரு கோரிக்கை: டேங்க்கில் ஒரு டேங் மீன் வேண்டுமாம். நீல உடம்பு, மஞ்சள் வால், கடையில் குட்டியாக அழகாகத்தான் இருக்கிறது. அது 30 சென்டிமீட்டர் வரை வளரும், தொட்டியின் நீளமே 60, திரும்பினால் மூக்கும் வாலும் கண்ணாடியில் இடிக்கும் என்றேன். "வளர்ந்தால் பார்க்கலாம்" என்கிறார். என் சபலம் வேறு, மாண்டரின் மீன். பட்டுப்புடவைக்காரர் கண்ணில் பட்டால் விடமாட்டார், அப்படி ஒரு நிறக்கலவை. கடைத்தொட்டியின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வயிறு உள்வாங்கி, முதுகின் இரண்டு பக்கமும் குழிவிழுந்திருந்தது. பாறை இடுக்கில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு பூச்சிகளை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன் அது. என் தொட்டியில் இருக்கும் பூச்சியெல்லாம் சில வாரத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு என் கண் முன்னாலேயே மெலியும். வாங்காமல் வந்தேன். கோமாளி மீன்கள் குடியிருக்கும் அனிமோன் என்ற கடல் உயிரும் இப்போதைக்கு இல்லை, தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும்.

இவ்வளவு யோசித்தவள்தான் வயர் சந்தைக் கவனிக்கவில்லை. அதுதான் நேற்றிலிருந்து குடைகிறது, வசந்தி. கோமாளிகள் தொட்டியில் பிறந்தவை. இந்த மீன் அப்படியில்லை, எங்கேயோ ஒரு கடலில் யாரோ வலையில் பிடித்தது. பை, விமானம், மொத்த வியாபாரி, கடை, என் தனிப் பெட்டி, எல்லாவற்றையும் தாண்டிவந்தது. என் பெரிய தொட்டியில் 19 நாள் இருந்தது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. "பாறைக்குள் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறேன், இந்த வயதில் பொய்!

இன்னொன்று வாங்கு என்பாய். இந்த வருஷம் வேண்டாம் என்றிருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் கண் உள்ள வலை வாங்கி, தொட்டி அளவுக்குச் சட்டம் அடித்து மேலே போட்டுவிட்டேன். வயர் வரும் மூலையில் வலையை வயரைச் சுற்றியே தைத்திருக்கிறேன், நூலும் ஊசியும் வைத்து. நீ பார்த்தால் தையல் வகுப்பு நினைவு வரும், அவ்வளவு கோணல். கோபியும் குதிக்கிற சாதிதான்.

பதினைந்தாம் தேதி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், மாற்றிவிடாதே. உனக்குப் படுக்கை ஹாலில், தொட்டிக்குப் பக்கத்தில்தான். நடு இரவில் படீர் என்று கேட்டால் வாளியைத் தேடாதே. இவர் ஃபயர்ஃபிஷ் எங்கே என்று உன் எதிரில் கேட்டால் நீயும் பாறையைக் காட்டு.

உன்,
மாலா