ஆரம் போட்டுக்கொண்டு வா

அம்மிணிக்கு,

எண்ணெய்ச் செக்குப் போட நீ திட்டம் எழுதி அனுப்பிய தாளைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது கட்டம். முக்கிய வேலைகள், முக்கிய வளங்கள் இரண்டையும் நாலு தடவை படித்தேன். ஒரு செக்குக்கு இவ்வளவு யோசித்தவர்கள் நம் சனத்தில் யாருமில்லை. டீக்கடையில் இரண்டு பேரிடம் காட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

வேலைகள் கட்டத்தில் ஆட்டுவது, பாட்டிலில் அடைப்பது, விற்பது என்று மூன்றுதான் இருக்கிறது. ஆட்டுவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். நிலக்கடலை வாங்குவதுதான் வேலை. சேவூர் ஏலத்துக்குப் போனால் மூட்டைக்குள் கையை விட்டு அடியில் இருப்பதை எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் பூசணம் பிடித்துவிடும். அப்புறம் காயவைப்பது, கல் பொறுக்குவது, எண்ணெயை மூன்று நாலு நாள் வெயிலில் தெளியவைப்பது. இதெல்லாம் எந்தக் கட்டத்தில்?

100 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் எண்ணெய் 40 லிட்டர் சொச்சம். எடையில் பாதிக்கு மேல் புண்ணாக்குதான். உன் தாளில் அந்தச் சொல்லே இல்லை. மாட்டுக்காரர்கள் நாலு பேரை இப்போதே பிடித்து வை. எள் ஆட்டும்போது கருப்பட்டி எவ்வளவு, எப்போது போடுவது என்பது ஆட்டுகிறவர் கைக்குத்தான் தெரியும். வளங்களில் அந்த ஆளைச் செக்குக்கு மேலே எழுது.

ஷெட், மும்முனை மின்சாரம், உணவு உரிமம் எல்லாம் சரி. கடைசி வரியில் 'சொந்த நிதி 6 லட்சம்' என்று போட்டிருக்கிறாய். நல்லது.

தையில் பெரிய வீட்டுக் கல்யாணம். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. ஆரத்தைப் போட்டுக்கொண்டு வரச் சொல் என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தாயா? பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கிராமத்தில் பெண் பெயரில் போட்டால் 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போதும் என்றிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்குத் தரமாட்டார்கள். ஓசூர் பக்கம் நீ பார்த்த ஷெட் கிராமக் கணக்கில் வருமா, கேள். அதற்குள் செக்குக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டாயோ? நீ வேலையை விட்டதே மாப்பிள்ளையின் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

திரும்பவும் சொல்கிறேன், கையில் இருப்பதை முழுக்க எந்திரத்தில் போடாதே. கடலைக்கு ரொக்கம் எண்ணி வைக்க வேண்டும். கடைக்காரர் உனக்குத் தருவது ஒரு மாதம் கழித்துத்தான். அந்த இடைவெளியில் இரண்டாவது தடவை கடலை வாங்கப் பணம் வேண்டும். அதற்கு ஒரு கட்டம் போடு. பத்தாவதாக இருந்தாலும் பரவாயில்லை.

நம் தறி நின்றது நூல் விலை ஏறியதால் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஏறியது உண்மைதான். ஆனால் நான் அடுத்தவர் நூலைக் கூலிக்கு ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று சொந்த நூல் போட்டேன். இரண்டு தறியில் ஆரம்பித்திருக்கலாம், நாலு வாங்கினேன். தறியில் ஏற்றிய முதல் பாவு நூல் நெய்து இறங்கி, துணிப் பணம் வருவதற்குள் அடுத்த பாவுக்கு நூல் வாங்கக் கையில் ஒன்றுமில்லை. அம்மாவின் நாலு பவுன் சங்கிலி அப்போது அடகில் இருந்தது. ஏல நோட்டீஸ் வந்தது. மடித்துத் தறிப் பட்டறையில் பலகைக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டாவது நோட்டீஸையும் அப்படியே வைத்தேன். சங்கிலி தொலைந்துவிட்டது என்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் ஒரு வாரம் தோட்டமெல்லாம் தேடினாள். நீயும் கூடத் தேடினாய், அப்போது உனக்கு ஏழு வயது.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆரம் எங்கே வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. மீட்க வேண்டிய தேதியை மட்டும் எழுது. கார்த்திகையில் எள் மூட்டைப் பணம் வரும்.

அப்பா