காற்றுமானியில் கிண்ணம் இல்லை: வானிலை நிலையங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு

ஐயா, அம்மா, வணக்கம்.

ஒன்றியங்களில் கம்பிவேலிக்குள் நிற்கும் தானியங்கி வானிலை நிலையங்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன சித்திரையில் எங்கள் சத்தியமங்கலம் பக்கம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாயங்காலம் அரை மணி நேரம்தான் சூறைக்காற்று. இன்னும் மூன்று வாரத்தில் தார் வெட்ட வேண்டிய நேந்திரன் வாழை, முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்போடு சேர்ந்து முறிந்து விழுந்தது. என் தோட்டத்தில் மட்டும் 600 மரம். நிவாரணம் கேட்டுப் போனால், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "அன்னைக்கு உங்க பக்கம் காத்தே பதிவாகலைங்களே" என்றார்கள். மரத்தை வந்து பாருங்கள் என்று கெஞ்சி, அப்புறம் ஆள் வந்து 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் என்று எழுதுவதற்குள் தோட்டமெல்லாம் அழுகல் நாற்றம்.

என்னதான் பதிவாகிறது என்று நானே நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். காற்றில் சுற்றி வேகத்தைக் காட்டும் காற்றுமானியில் மூன்று கிண்ணத்தில் ஒன்று இல்லை, மற்ற இரண்டும் சுற்றாமல் இறுகிக் கிடந்தன. சோலார் தகடு மேல் காக்கை எச்சமும் புழுதியும். மழைமானிப் புனலின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. அந்தப் புனலுக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி, தண்ணீர் நிறைய நிறைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், எத்தனை தடவை சாய்ந்தது என்பதுதான் மழைக்கணக்கு. புனல் அடைத்துக்கொண்டால் எவ்வளவு கொட்டினாலும் கணக்கில் பூஜ்யம். மழை பெய்யவில்லை என்பதும் கருவி ஓடவில்லை என்பதும் அலுவலகத்துத் திரையில் ஒரே மாதிரி தெரிகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும்போதே, வருடா வருடம் அதைத் துடைக்க, சரிபார்க்க, பேட்டரி மாற்றவும் தனியாகப் பணமும் ஆளும் ஒதுக்குங்கள்.

மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானி, 100 வானிலை நிலையம் என்று அறிவிப்பு வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். கர்நாடகத்தில் ஊராட்சி அளவிலேயே மழைமானி வைத்திருக்கிறார்கள். எங்கள் கொங்கு மண்ணுக்கும் அப்படித்தான் வேண்டும், ஏனென்றால் வால்பாறை மலையில் இருக்கும் சின்னக்கல்லாறில் அடைமழை பெய்கிற நாளில் கீழே உடுமலையில் புழுதி பறக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஊருக்கு ஊர் வேறு மாதிரி அடிக்கும். ஆனால் எண்ணிக்கை கூடக் கூடப் பராமரிப்பும் கூட வேண்டும் அல்லவா? தடுப்பணையானாலும் சரி, மேல்நிலைத் தொட்டியானாலும் சரி, திறப்பு விழாவுக்கு இருக்கிற அக்கறை ரிப்பேருக்கு இல்லாததை நாற்பது வருடமாகப் பார்த்துவிட்டேன். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் கேட்கிறேன்: பராமரிப்புக்கென்று தனிப் பணம், ஒன்றியத்துக்கு ஒரு ஆள். பழுதான நாளில் "பழுது" என்றே பதிவு செய்யுங்கள், பூஜ்யம் என்று போடாதீர்கள். அந்தத் தகவலை எங்கள் போனிலும் பார்க்கும்படி செய்யுங்கள்.

ஆடிக்காற்று தொடங்குவதற்குள் தயவுசெய்து எங்கள் ஒன்றியத்துக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். ஏணி வேண்டுமென்றால் என் தோட்டத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
சத்தி பக்கத்து வாழை விவசாயி