எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பது யாருக்குத் தெரிய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னூல் வாசிப்பான்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரையின் தெளிவு, எடை, பேட்டரி தாங்கும் காலம், விளக்கின் நிறம் என்று எதையும் விடவில்லை. அந்தக் கருவி தன்னை வைத்திருப்பவரைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இடம் கிடைக்கவில்லை.

பலரும் வாங்கிய ஒரு நூலை, அமேசான் நிறுவனத்தின் வாசிப்பானான கிண்டிலில் திறந்து பாருங்கள். சில வரிகளின் கீழே மெல்லிய புள்ளிக்கோடு இருக்கும். அதைத் தொட்டால், இந்த வரியை இத்தனை பேர் அடிக்கோடிட்டிருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரோ கூட்டியதால்தானே எண்ணிக்கை வந்தது? தனித்தனியே அமர்ந்து, தமக்காக மட்டும் கோடு போட்டவர்களின் கோடுகள் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வாசிப்பானில் நிறுத்திய பக்கம் கைப்பேசியில் தானாகத் திறப்பதும் இதே வழியில்தான். அந்த வசதி எனக்கும் பிடிக்கும். கேட்டுவிட்டுத் தந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

எந்தப் புத்தகத்தை வாங்கினோம் என்பது ஒரு கடைக்காரருக்குத் தெரிவதில் புதுமை இல்லை. எந்த அத்தியாயத்தை மூன்றாம் முறை திறந்தோம், எந்த இடத்தில் கைவிட்டோம், நள்ளிரவில் எந்தச் சொல்லை அகராதியில் தேடினோம் என்பதெல்லாம் வேறு சங்கதி. கடனிலிருந்து மீள்வது பற்றியோ மணமுறிவு பற்றியோ ஒருவர் படிக்கும்போது, அவர் வாய்விட்டுச் சொல்லாததைக் கோடுகள் சொல்லிவிடும். மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், தாம் கோடு போட்ட பிரதியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டுவார்களா?

காகிதப் புத்தகக் காலத்தில் இதற்காகப் போராடிய கடைகள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போதைப்பொருள் தயாரித்த ஓர் இடத்தைக் காவல்துறை சோதனையிட்டது. அதைத் தயாரிக்கும் முறையைச் சொல்லும் இரண்டு நூல்கள் உள்ளே கிடைத்தன. குப்பையில் ‘டாட்டர்ட் கவர்’ என்ற புத்தகக் கடையின் காலி உறை. அதில் என்ன நூலை அனுப்பினீர்கள் என்று கேட்டபோது, கடை சொல்ல மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2002இல் கடையின் பக்கம் தீர்ப்பானது. உறையில் போனது ஜப்பானிய எழுத்துகளைப் பற்றிய நூல் என்பது பிறகுதான் வெளியே வந்தது! ஒரே ஓர் உறைக்காக ஒரு கடை உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் ஒவ்வொரு பக்கத்தையும் குறித்து வைத்திருக்கும் நிறுவனங்கள் அவ்வளவு தூரம் போகுமா என்று எனக்கு ஐயம்தான். இதை எண்ணித்தான் கலிபோர்னியா 2011இல் தனிச்சட்டமே இயற்றியது; மின்னூல் உட்பட ஒருவரின் வாசிப்புப் பதிவுகளை அரசுக்குத் தர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்கிறது அது.

சேர்த்து வைப்பவர்கள் பத்திரமாகவாவது வைக்கிறார்களா? அடோபி நிறுவனத்தின் மின்னூல் மென்பொருள், படிப்பவர் திறந்த நூல்களையும் பக்கங்களையும் பற்றிய தகவலை பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் இணையத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது 2014இல் அம்பலமானது. வழியில் எட்டிப் பார்க்கத் தெரிந்த எவரும் படித்திருக்கலாம். விஷயம் வெளியே வந்த பிறகே திருத்தம் வந்தது.

நம் கையில் இருப்பவை சில. நூலை இறக்கிக்கொண்டதும் வைஃபையை அணைத்துவிடலாம். ஆனால் மறுபடி இணைத்ததும், நின்ற பக்கமும் போட்ட கோடும் புறப்பட்டுவிடும் என்பதால், கருவிகளுக்கிடையே இவற்றைப் பகிரும் ஒத்திசைவையும் அமைப்புகளுக்குள் போய் நிறுத்த வேண்டும். நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாத மின்னூல் கோப்புகளை விற்கும் பதிப்பகங்களிடம் வாங்கி, கருவி ஏற்கும் வடிவில் கேபிள் வழியே ஏற்றுவது இன்னும் நல்லது. சொந்த ஆவணங்களை மின்னஞ்சலில் வாசிப்பானுக்கு அனுப்புகிறவர்கள், அதன் பிரதி நிறுவனத்தின் மேகச் சேமிப்பிலும் தங்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் நால்வர் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால், ஒருவர் வாங்கியது மற்ற மூவரின் நூலகத்திலும் தெரியும். பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல. பிள்ளைகளுக்கும் சரி, பெற்றோருக்கும் சரி. கருவியை விற்கும்போது கணக்கிலிருந்து நீக்கி, முழுவதும் அழித்துவிட்டே கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் வாசகர் தலையில் கட்டுவது நியாயமா? வாசிப்பைப் பதிவு செய்வது அணைந்த நிலையில்தான் கருவி பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும். வேண்டும் என்பவர் போட்டுக்கொள்ளட்டும். அதை அணைக்கப் பல திரைகளைத் தாண்டிப் போக வைப்பதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அடுத்த முறை கருவிகளை ஒப்பிடும்போது உங்கள் அட்டவணையில் இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்க்கக் கோருகிறேன்: கணக்கு தொடங்காமலே படிக்க முடிகிறதா, அடிக்கோடுகளைக் கருவிக்குள் மட்டுமே வைத்திருக்க முடிகிறதா, ஏற்கெனவே போனவற்றை அழிக்கச் சொன்னால் அழிக்கிறார்களா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்