சரபோஜியின் வாழ்க்கையைச் சொல்ல ஒரு சுற்றுலா வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னர்கள் வாழ்ந்த இடங்களுக்கு அழைத்துச் சென்று அவர்களுடைய வரலாற்றை விளக்கிச் சொல்லும் மரபுச் சுற்றுலாக்கள் தமிழகத்தில் பெருகிவருவது மகிழ்ச்சி அளிக்கிறது. தஞ்சாவூரில் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இது தொடர்பாக ஒரு கோரிக்கையைச் சுற்றுலாத் துறையினர் முன்பும் தங்கள் வாசகர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன். இராசராச சோழனைப் பற்றி விளக்க எங்கள் ஊரில் வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால், 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் இருந்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லக்கூடிய வழிகாட்டியைக் காண்பது அரிதாக இருக்கிறது. அவருக்கென்றே தனியாக, இரண்டு நாள் நடக்கும் ஒரு சுற்றுலாவை வகுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வெளியூர்களிலிருந்து வரும் குழுக்களுக்கு வழக்கமாக வைத்திருக்கும் நிரலைப் பாருங்கள். காலையில் பெரிய கோயில், மதிய உணவு, பிற்பகலில் அரண்மனையில் அரை மணி நேரம், பிறகு தலையாட்டி பொம்மையும் தஞ்சாவூர்த் தட்டும் விற்கும் கடைகள். அண்மையில் உறவினர்களோடு அப்படி ஒரு குழுவில் நானும் சென்றேன். தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் சரபோஜியின் பளிங்குச் சிலைக்கு முன்னால் எங்களை நிறுத்திய இளைஞர், "இவர்தான் சரஸ்வதி மகால் நூலகத்தைக் கட்டியவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த கூடத்துக்கு நடந்துவிட்டார். அந்த ஒரு வரியும் சரியானதன்று. நாயக்க மன்னர்கள் காலத்திலேயே அரண்மனையில் சுவடிச் சாலை இருந்தது. அதை உலகம் அறிந்த நூலகமாக வளர்த்தெடுத்தவர் சரபோஜி. அந்த இளைஞரைக் குறைகூறி என்ன பயன்? அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது பெரிய கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பகுதியில், சுவரின் கற்களில் நெருக்கமாகத் தேவநாகரி எழுத்துகள் வரிவரியாகச் செல்வதைக் காணலாம். பார்க்கிறவர்கள் பலரும் வடமொழிச் சுலோகம் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். அது மராத்தி மொழி. போன்சலே குலத்தின் வரலாற்றை 1803-இல் சரபோஜி அங்கே பொறிக்கச் செய்தார். இராசராசன் தன் கொடைகளையும் வெற்றிகளையும் கல்லில் எழுதிவைத்த அதே கோயிலில், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த வேறொரு மன்னர், தன் குலம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவைக்க விரும்பியிருக்கிறார். நான்கே ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் தன் நாட்டைக் கும்பினியாரிடம், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம், ஒப்படைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் பள்ளிச் சிறுவனுக்கும் அதன் பொருள் விளங்கும்.

அந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1777-இல் பிறந்த சரபோஜியைத் துளஜா மன்னர் தத்தெடுத்தார். 1787-இல் துளஜா இறந்ததும் அரியணை அவருடைய தம்பி முறையான அமர்சிங்கிடம் போயிற்று. தத்தெடுத்தது செல்லுமா என்று வழக்காடப்பட்ட அந்த ஆண்டுகளில் சிறுவனுக்குத் துணையாக நின்றவர் செருமானியரான சுவார்ட்ஸ் பாதிரியார். பாதுகாப்பை முன்னிட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்ட சரபோஜி, அங்கே மேனாட்டுக் கல்வி பயின்றார். 1798-இல் கும்பினியாரின் ஆதரவோடு பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டு அக்டோபர் 25 அன்று ஏற்பட்ட உடன்படிக்கையின்படி நாட்டின் நிர்வாகம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. கோட்டையும், ஆண்டுதோறும் ஒரு தொகையும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே அவருக்கு எஞ்சின. அதே மாதம் 16-ஆம் நாள்தான் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஒன்பது நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் ஒருசேர வைத்துச் சொல்லும் வழிகாட்டியை நான் இதுவரை கண்டதில்லை.

ஆளுவதற்கு நாடு இல்லாத ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை எப்படிச் செலவிட்டார் என்பதே இந்தச் சுற்றுலாவின் உயிராக அமைய வேண்டும். விடை அரண்மனை வளாகத்திலேயே கிடைக்கிறது. சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்தில் தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழிச் சுவடிகளுக்கு அருகிலேயே, அவர் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த நூல்களும், மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியங்களும் வைக்கப்பட்டுள்ளன. தேவநாகரி எழுத்தில் அச்சிடும் அச்சுக்கூடம் ஒன்றை 1805-ஆம் ஆண்டிலேயே இங்கு நிறுவினார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் அவருடைய அவையைச் சேர்ந்தவர்கள். இன்று பரதநாட்டியக் கச்சேரி நடைபெறும் வரிசைமுறையை வகுத்துக்கொடுத்தவர்கள் அவர்களே.

எல்லாவற்றையும்விட, பார்வையாளர்களை நின்று பார்க்கவைக்க வேண்டியவை அவர் காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள். தன்வந்திரி மகால் என்ற பெயரில் அவர் நடத்திய மருத்துவ நிலையத்தில் நம் நாட்டு மருத்துவமும் மேனாட்டு மருத்துவமும் அருகருகே ஆராயப்பட்டன. கண் நோயோடு வந்தவருக்கு என்ன குறை, என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அவருடைய கண்ணையே வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். புரை படர்ந்த கருவிழியையும் சிவந்த வெண்விழியையும் அந்தக் கால ஓவியர் அத்தனை கவனத்தோடு தீட்டியிருக்கிறார். புகைப்படக் கருவி தோன்றாத காலத்தில் ஒரு நோயாளியின் கண்ணை இப்படிப் பதிவுசெய்து வைக்கத் தோன்றிய மனத்தைப் பற்றிப் பத்து நிமிடமாவது பேச வேண்டாமா? கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை வெறுமனே கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

இரண்டாம் நாள் ஒரத்தநாட்டுக்குப் போக வேண்டும். சரபோஜி தன் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக எழுப்பிய சத்திரம் அங்கே இருக்கிறது. சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவைக்கும்படி 1801-இல் அவர் கும்பினி அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஆவணமாகக் கிடைக்கிறது. எந்தச் சாதியைச் சேர்ந்த வழிப்போக்கர் வந்தாலும் சோறு வழங்கப்படுவது, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் மற்றப் பொருள்களும் தரப்படுவது, குழந்தைகளுக்குப் பால், நோயுற்றோருக்கு மருத்துவர், கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பு என்று அவர் அதில் விரிவாக எழுதுகிறார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் வந்து உண்ணலாம் என்று அறிவிப்பது வழக்கம் என்றும் குறிப்பிடுகிறார். நாட்டைக் கொடுத்தபோது வாதாட வழியில்லாதிருந்தவர், சோறிடும் உரிமைக்காக இவ்வளவு வாதாடியிருக்கிறார். இந்தக் கடிதத்தின் தமிழாக்கத்தை அந்தச் சத்திரத்தின் வாசலில் நின்றபடி உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதைவிடச் சிறந்த வழிகாட்டி உரை தேவையில்லை.

அதே சாலையில் பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனால், மல்லிப்பட்டினத்துக்கு அருகே எட்டு அடுக்குகளோடு மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட சரபோஜி எழுப்பிய கோபுரம் அது. ஆங்கில அரசின் நண்பர் என்றும் கூட்டாளி என்றும் அவரைக் குறிக்கும் கல்வெட்டு அதில் இருக்கிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் வழிகாட்டியின் நேர்மை தேவைப்படுகிறது. மருது சகோதரர்கள் தூக்கில் ஏற்றப்பட்டதும் சரபோஜி சத்திரங்களுக்காகக் கடிதம் எழுதிய அதே 1801-இல்தான். கும்பினியை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர்கள் வாழ்ந்த காலத்தில், அதே ஆங்கிலேயரின் வெற்றிக்குக் கோபுரம் கட்டியவர் இவர் என்பதை மறைத்துவிட்டு, அறிவுக்கடல் என்று மட்டும் புகழ்வது வரலாறாகாது. ஆங்கிலேயரின் கைப்பாவை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் பொருந்தாது. நூலகத்தையும் கண் ஓவியங்களையும் சத்திரத்தையும் கண்டுவந்த ஒருவர் அதை ஏற்கமாட்டார். இரண்டையும் சொல்லிவிட்டு, முடிவைக் கேட்பவரிடமே விட்டுவிடலாம். நம் மக்களுக்கு அந்தப் பக்குவம் உண்டு என்பது என் உறுதியான நம்பிக்கை.

இதற்கு வேண்டிய அறிவு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மராட்டியர் ஆட்சியின் அன்றாட நிர்வாகத்தைப் பதிவுசெய்த, மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி என்னும் எழுத்தில் அமைந்த ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. சரஸ்வதி மகால் நூலகமும் பல சுவடிகளைப் பதிப்பித்திருக்கிறது. இவற்றில் பழகிய அறிஞர்களைக் கொண்டு, ஏற்கெனவே இத்தொழிலில் இருக்கும் வழிகாட்டிகளுக்கே பயிற்சி அளிக்கலாம். பயிற்சி நாள்களுக்கு அவர்களுக்கு ஊதியமும் தர வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி வாழ்கிறவரை ஒரு வாரம் வகுப்பில் வந்து உட்காருங்கள் என்று வெறுங்கையோடு அழைப்பது முறையாகாது. அரண்மனை வளாகத்துக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கும் நிலையை மாற்றி, இந்தச் சுற்றுலாவில் வருவோருக்கு ஒரே சீட்டு வழங்கினால் முதியவர்கள் வரிசைகளில் நின்று களைப்படைய மாட்டார்கள். சிவகங்கைப் பூங்காவில் இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தையும் நிரலில் சேர்க்க வேண்டும். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் கையை இளம் சரபோஜி பற்றியிருப்பதாகச் செதுக்கிய பளிங்குச் சிற்பம் அங்கே உள்ளது. பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம் என்றாலும், தஞ்சைக்காரர்களிலேயே அதைப் பார்க்காதவர்கள் மிகப் பலர்.

மழைக்காலம் முடிந்த பிறகு, தை, மாசி மாதங்களில் வாரம் ஒருமுறை என்ற அளவில் தொடங்கினாலே போதும். முதல் குழுக்களில் மாவட்டத்தின் அரசுப் பள்ளி மாணவர்களைக் கட்டணமின்றி அழைத்துச்செல்ல வேண்டும். பாடம் நடத்திய காலத்தில் திரட்டிய குறிப்புகளும் படங்களும் என்னிடம் உள்ளன. இத்தகைய முயற்சியில் இறங்க முன்வரும் அரசுத் துறைக்கோ தன்னார்வக் குழுவுக்கோ அவற்றைக் கொடுக்கவும், பயிற்சி வகுப்புகளுக்கு வந்து உதவவும் அணியமாக இருக்கிறேன். தங்கள் இதழ் இந்தக் கோரிக்கையை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.