ஆண்டறிக்கை: ஹத்னிகுண்ட் பயணமும் யமுனைத் தீர்மானமும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் ஞாயிறு தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது மாசி மாதம் யமுனையின் குறுக்கே கதவணை இருக்கும் ஹத்னிகுண்ட் போய் வந்ததைப் பற்றி.

தில்லி மயூர் விகாரில் குடியிருக்கும் நமக்கு யமுனை என்றால் காளிந்தி குஞ்சில் நுரை தள்ளும் கறுப்புத் தண்ணீர்தான். ஆடிப்பெருக்கன்று அதைத் தொட மனம் வராமல் கலந்த சாதத்தைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஆற்றுக்கு என்ன ஆகிறது என்று நேரில் பார்க்கத்தான் பஸ் பிடித்து ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டம் வரை போனோம்.

முக்கொம்பைப் பார்த்தவர்களுக்குக் கதவணை புதிதல்ல. ஆனால் இங்கே பாசனத்துக்குப் பிரியும் மேற்கு யமுனைக் கால்வாயிலும் கிழக்கு யமுனைக் கால்வாயிலும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓட, ஆற்றில் வெள்ளை வெளேரென்று உருண்டைக் கற்கள்தான் கிடந்தன. நடுவே மெலிந்த ஓடை ஒன்று. ஆற்றில் விநாடிக்கு 10 கன மீட்டராவது, அதாவது சுமார் 352 கன அடி, ஓட வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணல் உறிஞ்சியது போக வந்து சேர்வதையும் தில்லியின் வடக்கே வஜீராபாதில் குடிநீருக்கு எடுத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே நஜஃப்கர் சாக்கடை கலக்கிறது. கோடையில் வஜீராபாதிலிருந்து தெற்கே ஓக்லா வரை 22 கி.மீ. ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர். சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆற்றில் நல்ல தண்ணீரே வராவிட்டால் அவை மட்டும் என்ன செய்யும்?

மழைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். ஹத்னிகுண்டில் வெள்ளத்தைத் தேக்கி வைக்க இடமில்லை. வரத்து 1 லட்சம் கன அடியைத் தாண்டினால், கல்லும் மரமும் புகாதிருக்கக் கால்வாய்க் கதவுகளை மூடிவிடுவார்கள்; மொத்த வெள்ளமும் ஆற்றோடு நம் பக்கம்தான் வரும். 2023 ஜூலையில் தில்லியின் பழைய ரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-இன் 207.49 மீட்டரை மிஞ்சியது. ஆற்றுப்படுகையில் காய்கறி பயிரிடும் குடும்பங்கள் நம் சாலையோரம் கூடாரத்தில் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம்.

'அப்போ விவசாயி வயிற்றில் அடிக்கச் சொல்கிறோமா?' என்று திரும்பும் வழியில் ஓர் உறுப்பினர் கேட்டார். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்கள் பலர் இருக்கும் சங்கத்தில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கிழக்குத் தில்லியில் நாம் குடிப்பதும் டெஹ்ரி அணையிலிருந்து முராத்நகர் வழியாக வரும் கங்கை நீர்தான். அந்த அணை தேக்கும் பாகீரதியில் குறைவது நம் குழாயில் வருகிறது. ஆகவே விவசாயியைக் குறை சொல்லும் யோக்கியதை நமக்கில்லை. கால்வாய்ப் பங்கீட்டோடு ஆற்றுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதே நம் நிலை.

ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் வறண்ட மாதங்களில் ஆற்றில் விநாடிக்கு 23 கன மீட்டர் விடப் பரிந்துரைத்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி மாநிலங்களுக்கிடையே யமுனை நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் மேல் யமுனை நதி வாரியத்துக்கு மனு அனுப்ப நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் கையெழுத்திட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்