மழை மேக உடைப் பெட்டி குறித்துப் புகார்: பணமும் வேண்டும், பதிலும் வேண்டும்

எடிசன், நியூ ஜெர்சி
12 நவம்பர் 2024

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் துறையின் தலைவர்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று உங்கள் புகார்ப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் போனிலும் சாட்டிலும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். படித்துச் சொல்ல ஆள் தேடுவது உங்கள் பொறுப்பு.

விஷயம் உங்கள் மழை மேக உடைப் பெட்டி, அதாவது குழந்தைக்கு மழை மேகம் மாதிரி வேஷ உடை செய்வதற்கான பொருள்கள் அடங்கிய பெட்டி. நீல மூடி போட்டது, மேகத்துக்குள் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு நிற்கும் படம். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஹாலோவீனுக்கு வீட்டிலேயே செய்யலாம், 2 வயதுக் குழந்தைக்கும் பொருந்தும், தையல் தெரியவேண்டியதில்லை என்று எழுதியிருந்ததை நம்பி அக்டோபர் தொடக்கத்திலேயே ஆர்டர் செய்தேன். சீக்கிரம் வரவேண்டும் என்று விரைவு டெலிவரிக்குத் தனியாகப் பணமும் கட்டினேன். வந்தது தாமதமாக. வந்ததிலும் பாதி இல்லை.

ரெடிமேடாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று உங்கள் ஆள் ஒருவர் போனில் கேட்டார். என் மகளுக்கு வேண்டியது இளவரசி உடை அல்ல, மழை. இரண்டரை வயதாகிறது அவளுக்கு. போன வருடம் நவம்பரில் திருநெல்வேலியில் ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. இந்த வருடம் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும். 1895 முதல் இருக்கும் பதிவுகளில் நியூ ஜெர்சி கண்ட மிக வறண்ட மாதம் இந்த அக்டோபர்தான். மாநிலம் முழுவதற்கும் சராசரி 0.02 அங்குலம். ஜன்னலில் நின்றுகொண்டு தினமும் "மழை எங்கம்மா?" என்று கேட்பாள். சரி, வராத மழைக்குப் பதிலாக நீயே மழையாக வா என்றேன். அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். டே கேரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. காலையில் டே கேரில் ஊர்வலம், மாலையில் தெருவில் வீடு வீடாக மிட்டாய், அப்புறம் வீட்டில் விளக்கு, பலகாரம், புதுத்துணி. அதற்காகவே என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்து எங்களை வளர்த்தவர் அவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவரிடம்தான் ரூட் 1 நெடுஞ்சாலையில் இருக்கும் உங்கள் கிளையின் ரிட்டர்ன் கவுன்டரில் இருந்த பெண் அப்படிப் பேசினார். அதற்கு வருகிறேன்.

முதலில் பெட்டி. பஞ்சு 20 அவுன்ஸ் என்று மூடியில் அச்சடித்திருக்கிறீர்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 12 அவுன்ஸ்கூட இல்லை. மேகத்தின் அடிப்பக்கம் இருண்டு தெரிய வைக்கும் சாம்பல் நிற ஃபெல்ட் துணி பெட்டியிலேயே இல்லை. அது இல்லாவிட்டால் மழை மேகம் இல்லை, வெறும் வெள்ளைப் பொதி. நீலத் துளிகளை மணி கோத்த நீளக் கயிறுகளில் தொங்கவிடச் சொல்கிறது உங்கள் குறிப்பு. 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொண்டையில் சிக்குகிற மணியும் கழுத்தில் சுற்றுகிற கயிறும் கொடுக்கக் கூடாது என்பது பொம்மை விற்கிற உங்களுக்குத் தெரியாதா? அம்மா அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, துணித் துளிகளை உடையோடு சேர்த்தே தைத்தார்.

பசைக் குச்சியைச் சூடாக்கி உருக்கி ஒட்டும் க்ளூ கன் விஷயமும் அப்படித்தான். எவ்வளவு சூடு என்று உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. அதிகச் சூட்டு கன் கிட்டத்தட்ட 190 டிகிரி செல்சியஸ் வரை போகும், குறைந்த சூட்டு கன் 120 அளவில் நிற்கும். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லவேண்டாமா? பெட்டியோடு நீங்களே சேர்த்து விற்ற கன் அதிகச் சூட்டு கன். அதில் ஒட்டியபோது பசை துணியை ஊடுருவி உட்பக்கம் வந்து, ஆறியதும் குழந்தையின் கழுத்தில் குத்துகிற மாதிரி மொடமொடப்பாகிவிட்டது. எல்லாவற்றையும் பிய்த்து, பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, ஊசி நூலால் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தார் அம்மா. தையல் தெரியவேண்டியதில்லை என்றீர்களே, தையல் தெரியாத வீட்டில் இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்?

இதெல்லாம்கூடப் போகட்டும். மின்னலுக்கு என்று ஒரு சீரியல் லைட் வைத்திருக்கிறீர்கள். மெல்லிய செம்புக் கம்பி, கடைசியில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பேட்டரி டப்பா. உள்ளே சி.ஆர். 2032 என்ற, நாணயம் மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரி இரண்டு. மூடியில் ஸ்க்ரூ கிடையாது. நகத்தால் தள்ளினால் திறந்துகொள்கிறது. நான் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். டப்பா திறந்து கிடக்கிறது, ஒரு பேட்டரி தரையில், இன்னொன்று என் மகளின் மூடிய கைக்குள். விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

அந்தப் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. உள்ளே இருக்கும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். டெக்சாஸில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அப்படி இறந்த பிறகுதான் 2022 ஆகஸ்டில் அந்தக் குழந்தையின் பெயரில் ரீஸ் சட்டம் வந்தது. பட்டன் பேட்டரி போடும் பொருளின் மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்யவேண்டும். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒரு கருவியோ, ஒரே நேரத்தில் செய்யவேண்டிய இரண்டு தனித்தனி அசைவுகளோ இல்லாமல் அது திறக்கக் கூடாது. எச்சரிக்கையும் அச்சடித்திருக்கவேண்டும். உங்கள் டப்பாவில் ஒன்றுமில்லை. 2 வயதுக் குழந்தை படத்தைப் போட்ட பெட்டிக்குள் இதை வைத்து விற்கிறீர்கள். சாதாரண ஏஏ பேட்டரியில், ஸ்க்ரூ போட்ட டப்பாவில் இதே லைட்டைச் செய்ய எவ்வளவு அதிகம் செலவாகியிருக்கும்?

இதைத்தான் உங்கள் போன் சேவையில் சொன்னேன். ஒருவர் கேட்டுக்கொண்டார், கேஸ் நம்பர் கொடுத்தார். அடுத்த முறை கூப்பிட்டால் அந்த நம்பரே இல்லை என்றார்கள். சாட்டில் கேட்டால் போனில் கூப்பிடுங்கள், போனில் கேட்டால் கடைக்குப் போங்கள், கடைக்குப் போனால் இது இணையத்தில் வாங்கியது, எங்களுக்குச் சம்பந்தமில்லை. கடைசியாக அக்டோபர் 30 அன்று உங்கள் ஆள் ஒருவர், ரூட் 1 கிளையில் முழுப் பெட்டி ஒன்று என் பெயருக்கு எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். பெயரை எழுத்துக்கூட்டித் திரும்பச் சொல்லி உறுதியும் செய்தார். வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பிக் கார் சீட்டில் கட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ரூட் 1-இன் மாலை நேர நெரிசலில் போனேன். அங்கே என் பெயருக்கு ஒன்றும் இல்லை. எடுத்து வைக்கும் வழக்கமே அந்தக் கிளையில் இல்லையாம்.

அந்தக் கவுன்டரில்தான் அந்தப் பெண். சூனியக்காரித் தொப்பி போட்டிருந்தார். நாங்கள் பேசி முடிப்பதற்கு முன்பே, "வெறும் மேகம்தானே? ஒரு வெள்ளை பெட்ஷீட்டில் ரெண்டு ஓட்டை போட்டுப் பேய் ஆக்கிவிடுங்கள், ரெண்டு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது" என்றார். அம்மா டப்பாவைக் கவுன்டரில் வைத்து, மூடி எப்படித் திறக்கிறது என்று விரலால் காட்டினார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதற்கு அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரி சத்தமாக, "குழந்தையைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை, எங்கள் வேலை இல்லை" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்றேன். ஹாலோவீன் முடிந்த பிறகு வாருங்கள் என்றார்.

ஹாலோவீன் முடிந்த பிறகு எனக்கு மேகம் எதற்கு? 2012-இல் சாண்டி புயல் அடித்தபோது ஆளுநரே ஹாலோவீனை நவம்பர் 5-க்குத் தள்ளிவைத்தார். உங்கள் டெலிவரிக்காக யாரும் தள்ளிவைக்கப்போவதில்லை.

அன்று இரவு அம்மா தூங்கவில்லை. வீட்டுத் தலையணையைப் பிரித்து அந்தப் பஞ்சைப் போட்டுத் தைத்தார். சாம்பல் துணிக்குத் தன் பழைய சேலையைக் கிழித்தார். அப்படியும் காலை ஊர்வலத்துக்கு முடியவில்லை. எல்லாக் குழந்தைகளும் டைனோசராகவும் பூசணிக்காயாகவும் நடந்துபோக, என் மகள் தினம் போடும் சட்டையில் நின்று அழுதாள். டே கேர் அனுப்பிய போட்டோ என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன், உங்கள் தொப்பி போட்ட ஊழியருக்கும் காட்டுங்கள். தெரியப்போவதில்லை என்றாரே, எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்க்கட்டும். எங்கள் தீபாவளியையே, சொல்லப்போனால் இந்த வருடத்தையே கெடுத்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த மாநிலத்தில் 2017 முதல் கைமத்தாப்பு கொளுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. நாங்களும் அன்று மாலை வாசலில் கொளுத்தினோம். உடல் முழுக்கப் பஞ்சு சுற்றிய குழந்தை. உங்கள் பெட்டியில் தீ பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. தீயை எதிர்க்கும் துணியா இல்லையா என்று பார்த்து வாங்குங்கள் என்று அரசே வருடா வருடம் ஹாலோவீனுக்கு முன் சொல்கிறது. எங்கே பார்த்து வாங்குவது? உடையைக் கழற்றிவிட்டுத்தான் அவளை மத்தாப்பு அருகே விட்டோம். கார் சீட்டில் இந்த உடையோடு குழந்தையைக் கட்டக் கூடாது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. பஞ்சு அமுங்கினால் பெல்ட் தளர்ந்துவிடும், குளிர்கால ஜாக்கெட்டுக்குச் சொல்கிற அதே காரணம்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் நீங்கள் அனுப்பிய மாற்றுப் பெட்டி வந்தது. அதே டப்பா, அதே மூடி, நகத்தால் தள்ளினால் திறக்கிறது. கூடவே என் கிரெடிட் கார்டில் இரண்டாவது முறையும் பணம் பிடித்திருக்கிறீர்கள்.

நான் உங்களிடம் பல வருடமாக வாங்குகிறவள். கொலுவுக்கு ஜரிகை, பேப்பர், தெர்மோகோல் எல்லாம் உங்கள் கடையில்தான். உங்கள் கிளையில் நூல் பகுதியில் இருக்கும் வயதான அம்மாள் எவ்வளவு பொறுமையாக எடுத்துக் காட்டுவார் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களோடு சண்டை போடவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தையாவது பொறுப்பில் உள்ள ஒருவர் முழுதாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு பெட்டிக்கான பணம், க்ளூ கன், விரைவு டெலிவரிக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். எங்கள் அலைச்சலுக்கும், அம்மாவின் உழைப்புக்கும், குழந்தை இழந்த நாளுக்கும் சேர்த்து 500 டாலர் நஷ்டஈடு கேட்கிறேன். அது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றினால், அன்று அந்தப் பேட்டரி அவள் வாய்க்குள் போயிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்த லைட்டைக் கடையிலிருந்தும் இணையத்திலிருந்தும் உடனே எடுக்கவேண்டும், ஏற்கனவே வாங்கிப்போனவர்களுக்கும் தகவல் சொல்லவேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் பேரம் பேசமாட்டேன்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நியூ ஜெர்சி நுகர்வோர் விவகாரத் துறைக்கு எழுதுவேன். கார்டு நிறுவனத்திலும் தகராறு பதிவு செய்வேன். அதற்கு ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் அவகாசம் 1974-ஆம் வருட நியாயமான கடன் பில்லிங் சட்டத்திலேயே இருக்கிறது. லைட்டைப் பற்றி நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் புகார் செய்வதற்கு மட்டும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கப்போவதில்லை. இன்றே செய்கிறேன். அவர்களே அதை உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். இரண்டு டப்பாவையும் பேட்டரியோடு உறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், ஆணையம் கேட்டால் அவர்களிடம் கொடுப்பேன்.

ரூட் 1 கிளையில் அந்தப் பெண் பேசியதற்கு மன்னிப்பு என் பெயருக்கு வேண்டாம். என் அம்மா பெயருக்கு எழுதி அனுப்புங்கள். அவர் டிசம்பரில் ஊருக்குத் திரும்புகிறார், அதற்கு முன் வந்து சேரவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு ரசீதுகள், தராசின் படம், டப்பா மூடி திறக்கும் வீடியோ, சாட் உரையாடல்களின் நகல்